சல்பைடா, சல்பைட்டா? ஓரணு, பல்லணு அயனிகள்: கேள்வி பதில்

கே: டீச்சர், ஓரணு அயனியையும் பல்லணு அயனியையும் எப்படிப் பிரித்தறிவது?

ப: அயனி என்பது மின்சுமை பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம். ஒரே அணு என்றால் ஓரணு, பல அணுக்கள் பிணைந்திருந்தால் பல்லணு. அணுக்களை எண்ணுங்கள், சுமையை எண்ணாதீர்கள். அலுமினியம் அயனிக்கு 3 நேர்மின்சுமை உண்டு. ஆனாலும் அது ஒற்றை அணுதான். சல்பேட்டில் ஒரு கந்தகமும் 4 ஆக்சிஜனும் பிணைந்து, 2 எதிர்மின்சுமையைப் பொதுவில் சுமக்கின்றன. குறியீட்டின் கீழ் எண் அணுக்களுக்கு, மேல் எண் சுமைக்கு. இதைக் குழப்பிக்கொண்டால் எல்லாமே குழம்பும்.

கே: அந்த ஐந்து அணுக்களும் பிரியாமல் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

ப: இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, நீரில் கரையுங்கள். நீலக் கரைசல் கிடைக்கும். அதில் பேரியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் பால் திரிந்ததுபோல வெண்மை கிளம்பி, மெல்ல அடியில் படியும். அது பேரியம் சல்பேட். ஐந்து அணுக்களும் கூட்டாகத் தாமிரத்தை விட்டுப் பேரியத்திடம் போய்விட்டன. வீழ்படிவு அடங்கியபின் மேலே நீலம் அப்படியே நிற்கும். அது நீரில் உள்ள தாமிர அயனியின் நிறம். பேரியம் குளோரைடு நஞ்சு. ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கே: பெயர் 'ஐடு' என முடிந்தால் ஓரணுதானே?

ப: பெரும்பாலும். ஹைட்ராக்சைடு, சயனைடு, பெராக்சைடு போன்றவை விலக்கு. தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணியும் உண்டு: சல்பைடு வெறும் கந்தகம், சல்பைட்டு என்றால் கூடவே 3 ஆக்சிஜன். ஒரு 'ட்' விட்டுப்போனதால் மதிப்பெண் இழந்த விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

கே: கால்சியம் குளோரைடில் 2 குளோரின் இருக்கிறதே, அது பல்லணு அயனியா?

ப: இல்லை. தனித்தனியான இரண்டு குளோரைடு அயனிகள்.

கே: மெக்னீசியம் புரோமைடில்?

ப: மேலே சொன்னதுதான்.

கே: நீற்றிய சுண்ணாம்பின் (கால்சியம் ஹைட்ராக்சைடு) வாய்பாட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே 2 வருகிறதே?

ப: அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஹைட்ராக்சைடு பல்லணு அயனி. அப்படி இரண்டு. இனி இந்த '2' கேள்வி வேண்டாம். முந்தைய பதில்களைப் படியுங்கள்.

கே: நேர்மின் அயனிகள் எல்லாம் ஓரணுவா?

ப: இல்லை. நவச்சாரத்தில் (அம்மோனியம் குளோரைடு) இருக்கும் அம்மோனியம் பல்லணு. அம்மோனியா வேறு; அது சுமையற்ற மூலக்கூறு.

கே: வெவ்வேறு தனிமங்கள் சேர்ந்தால்தான் பல்லணு அயனி என்று படித்தேன்.

ப: தவறு. மெர்குரஸ் அயனியில் இரண்டு பாதரச அணுக்கள் மட்டுமே. பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன்கள் மட்டுமே.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். மெர்குரஸில் பாதரசத்தின் இணைதிறன் 1. ஓரணுவாக எழுதினால் என்ன?

ப: எழுதிப் பாருங்கள், தம்பி. ஓரணுவாக இருந்தால் இணை சேராத எலக்ட்ரான் ஒன்று மிஞ்சும். அந்த உப்பைக் காந்தப்புலம் ஈர்க்க வேண்டும். ஈர்ப்பதில்லை. இரண்டு அணுக்களின் தனி எலக்ட்ரான்களும் இணைந்து பிணைப்பாகிவிட்டன என்பதே காரணம். அணு ஒன்றுக்கு +1, அயனிக்கு +2.

கே: சித்த மருத்துவத்தில் வரும் பூரம் இதுதானா? சாப்பிடலாமா?

ப: பூரம் மெர்குரஸ் குளோரைடு, வீரம் மெர்குரிக் குளோரைடு. பாதரசச் சேர்மம் எதையும் நீங்களாக வாயில் வைக்காதீர்கள். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: இரண்டு பக்கமும் பல்லணு அயனிகள் கொண்ட உப்பு உண்டா?

ப: அம்மோனியம் நைட்ரேட். இன்னொன்று, மெர்குரஸ் நைட்ரைட்டு. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் தயாரித்து 1896-இல் வெளியிட்டார். நைட்ரைடு அல்ல, நைட்ரைட்டு.