சாமி கும்பிட்டாலும் மனம் ஒட்டவில்லை, உள்ளே வறண்டு கிடக்கிறது. இதிலிருந்து எப்படி மீள்வது?

நேரத்தைக் கூட்டுங்கள், இன்னொரு ஸ்லோகம் சேருங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். இதே வறட்சி எனக்கு வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். ஒட்டாத மனசை இன்னும் அரைமணி நேரம் பூஜையறையில் உட்கார வைத்தால் கடிகாரத்தைத்தான் பார்க்கும். எனக்குக் கைகொடுத்தது பிடி அரிசி.

உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான். காஞ்சிப் பெரியவர் இதை ஒரு திட்டமாகவே வீடுகளில் பரப்பினார். மிசோரம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் 1910-லிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி ஒதுக்கி, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டு அரிசி வடலூருக்குப் போகிறது. 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை அங்கே இருக்கிறது. அன்று அவர் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணைய விடவில்லை. யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். நாம் கொண்டுபோகும் பை அந்த மூட்டைகளுக்கு நடுவில் கண்ணுக்கே தெரியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

சரி, இதில் பிரார்த்தனை எங்கே வருகிறது? அரிசி கையில் இருக்கும் அந்த நாலைந்து விநாடிதான் பிரார்த்தனை. முந்தின நாள் எனக்கு உதவிய ஒருவரை நினைத்துக்கொண்டு அவர் நன்றாக இருக்கட்டும் என்று போடுவேன். ஓடி வருவதைப் பார்த்து விசில் கொடுத்துப் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், மருந்துக்கடையில் மலிவான மாத்திரையும் இருக்கிறது என்று தானாகச் சொன்ன பையன், இப்படி யாராவது. ஆள் குறிப்பாக இருக்க வேண்டும். ‘நல்ல உடம்பு கொடுத்தாய், நல்ல குடும்பம் கொடுத்தாய்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒரே வாரத்தில் அதுவும் வாய்ப்பாடு ஆகிவிடும். ஆள் தேட ஆரம்பித்த பிறகுதான், பகலில் யார் என்ன செய்கிறார்கள் என்பதே என் கண்ணில் பட்டது. பூஜையறைக்குள் பழையபடி உட்கார முடிந்தது அப்புறம்தான், அதுவும் மெதுவாக.

திருமூலரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சாமிக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது அடுத்தவருக்கு ஒரு கைப்பிடி, இல்லையென்றால் ஒரு நல்ல வார்த்தை.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பிடி சுமார் 40, 50 கிராம் இருக்கும். தினம் ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றரை கிலோவுக்குள் வரும். வண்டு விழாமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையோ இரண்டு வரமிளகாயோ போட்டு வையுங்கள். வீட்டில் சாப்பிடுகிற அதே அரிசியாக இருக்கட்டும், ரேஷனில் வாங்கிப் பிடிக்காமல் ஒதுக்கியதைக் கொண்டுபோகாதீர்கள். கொடுக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கவும் வேண்டாம்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பிடி அரிசி அதற்கு மருந்து இல்லை. ஹாஸ்டலில் இருக்கிறீர்கள், சமையல் இல்லை என்றால், காலை டீ குடிக்கும்போது இரண்டு ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். மாதக் கடைசியில் அரிசியாக வாங்கிக் கொடுத்துவிடலாம்.