உதைக்கும் மாட்டின் கன்றும் உதைக்குமா?

கேள்வி: ஹொஸகோட்டே பக்கம் மூன்று கறவை மாடு வைத்திருக்கிறோம். அதில் ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு கறக்கும்போது உதைக்கிறது, வெளியாள் வந்தால் முட்ட வருகிறது. அதன் கிடாரிக்கன்றுக்கு இப்போது ஐந்து மாதம். "தாய் குணம்தான் வரும், இப்போதே விற்றுவிடு" என்கிறார் மாமனார். மாட்டுக்குக் குணம் ரத்தத்தில் வருமா?

பதில்:

வரும். ஆனால் உங்கள் மாமனார் நினைக்கிற அளவுக்கு வராது. இந்தக் காரணத்துக்காகக் கன்றை விற்க வேண்டாம்.

நான் கால்நடை மருத்துவர், பெங்களூர் ஹெப்பாளில் படித்தவன். ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம், அல்சூர் பக்கம் சந்துகளுக்குள் இன்னும் இரண்டும் மூன்றுமாக மாடு வைத்து வீட்டுக்கு வீடு பால் ஊற்றும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய மாடுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். தாய் உதைத்தது என்பதற்காகவே நல்ல கிடாரிகளைத் தள்ளிவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், எது பிறப்போடு வருகிறது? நாம் கோபம், முரட்டுத்தனம் என்று சொல்வதில் பெரும்பகுதி பயம்தான். புது ஆள், புது சத்தம், புது இடம் இவற்றுக்கு ஒரு மாடு எவ்வளவு சீக்கிரம் மிரளும், மிரண்டபின் எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பதில்தான் பிறவி வித்தியாசம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1988-இல் இதை அளக்க எளிய வழி ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். மாட்டை எடை பார்க்கும் கூண்டிலிருந்து திறந்துவிட்டு, முதல் 1.7 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கருவி வைத்துக் கணக்கிட்டார்கள். பயந்த மாடு சீறிக்கொண்டு ஓடும், சாதுவான மாடு நடந்து போகும். அந்த அளவை அப்பன், தாய், கூடப்பிறந்தவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு பரம்பரையாக வருகிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிப் பல நாடுகளில் பார்த்ததில், குணத்தின் மரபுவழித் திறன் பெரும்பாலும் 0.1 முதல் 0.4 வரை வருகிறது. கறக்கும்போது காட்டும் குணத்துக்கு இது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 0.2 என்றால் உங்கள் மாட்டின் உதையில் இருபது சதவீதம் ரத்தத்திலிருந்து வந்தது என்று பொருள் கிடையாது. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கு பரம்பரையால் வருகிறது, மீதி வளர்ப்பு, வலி, கறப்பவர், கொட்டகை என்று மற்றவற்றால் வருகிறது என்றுதான் பொருள்.

இதை உங்கள் கன்றுக்கே போட்டுப் பார்ப்போம். சாதுவான மாட்டுக்கு 1, கிட்டவே விடாத மாட்டுக்கு 5 என்று மதிப்பெண் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி மாடு 2, உங்கள் மாடு 4 என்றால் தாய் சராசரியைவிட 2 கூட. கன்றுக்குத் தாயிடமிருந்து வருவது பாதி, அதாவது 1. அதை 0.2-ஆல் பெருக்கினால் 0.2. சினை ஊசிக்கு விந்து தந்த காளை சராசரியான காளை என்று வைத்தால், இந்தக் கிடாரியிடம் எதிர்பார்க்கக்கூடியது 2.2. சராசரியிலிருந்து துளிதான் தள்ளி. தனிப்பட்ட ஒரு கன்று இதற்கு மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம், ஆனால் தாயைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் குணத்துக்காகத் தேர்ந்தெடுப்பதே வீண் வேலையா? இல்லவே இல்லை. பால் அளவின் மரபுவழித் திறனும் ஏறத்தாழ 0.3 தான். அதை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகப் பாலைக் கூட்டினார்கள். லிமோசின் என்ற பிரெஞ்சு இறைச்சி மாட்டுக்கு மிரளும் மாடு என்ற பெயர் இருந்தது. அமெரிக்காவில் அதை வளர்ப்பவர்கள் 1990-களிலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் குண மதிப்பெண் போட்டு, சாதுவான வாரிசுகளைத் தரும் காளைகளையே அதிகம் பயன்படுத்தினார்கள். இனத்தின் குணமே மாறியது. நார்வேயில் பால் மாடுகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கிலும் குணத்துக்கு இடம் உண்டு. ஸ்பெயினில் சண்டைக் காளைகளை நேர்மாறான நோக்கத்துக்காக, சீறிப் பாயும் வாரிசுகளுக்காகவே பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். ஒரு தாயை வைத்து ஒரு கன்றைக் கணிப்பது கடினம், பல மகள்களை வைத்து ஒரு காளையைக் கணிப்பது சாத்தியம். இந்த வித்தியாசத்தை நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"கோப மரபணு" என்று ஒன்று இருக்கிறதா என்றும் கேட்பார்கள். கிடையாது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் வாங்கியைச் சார்ந்த டிஆர்டி4, எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எம்ஏஓஏ போன்ற மரபணுக்களை மாடுகளிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும் எத்தனையோ இடங்கள் ஆளுக்குத் துளித் துளியாகச் சேர்ந்துதான் குணம் அமைகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் சொல்லிவிடலாம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாட்டின் உடலில் முடி சுழன்று நிற்கும் சுழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சந்தையில் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தானே. ராஜசுழி, பாடைச்சுழி என்று வீட்டுக்கு ஆகும், ஆகாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த நம்பிக்கையால் அருமையான மாடுகள் அடிமாட்டு விலைக்குப் போவது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் நெற்றிச் சுழி பற்றி மட்டும் ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவர் கூட்டாளிகளும் 1995-இல் வெளியிட்டது. நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே இருந்த மாடுகள், கூண்டில் அடைத்தபோது மற்றவற்றைவிட அதிகம் பதறின. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. சுழியை மட்டும் வைத்து மாட்டை வாங்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

இனத்துக்கு இனம் குணம் மாறுவது நம் பக்கத்திலேயே தெரியும். ஹைதர் அலி, திப்பு காலத்தில் படைச் சாமான் இழுக்க வளர்த்த அமிர்த மஹால் மாடு வேகத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் பேர்போனது. அந்தியூர் மலையில் இருக்கும் பர்கூர் மாடும் அப்படித்தான், அந்நியரைக் கிட்ட விடாது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அமிர்த மஹாலைக் காவல் என்று சொல்லும் பரந்த மேய்ச்சல் நிலங்களில் விட்டு வளர்த்தார்கள், பர்கூர் காட்டுப் பட்டிகளில் வளர்கிறது. மனிதக் கை அதிகம் படாமல் வளரும் எந்த மாடும் மிரளத்தான் செய்யும். இதில் ரத்தம் எவ்வளவு, காடு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. திமில் மாடுகள் பொதுவாகச் சட்டென்று மிரளும் என்றாலும், சின்ன வயதிலிருந்து தடவிக் கொடுத்து வளர்த்தால் அவைபோல ஒட்டிக்கொள்ளும் மாடும் கிடையாது.

காளைக்கன்று வளர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 1990-இல் வந்த ஒரு ஆய்வில், மற்ற கன்றுகளோடு சேர்க்காமல் தனியாக மனிதர் கையால் பால் கொடுத்து வளர்த்த ஹெர்ஃபோர்டு இனக் காளைகள் பெரிதானபின் மனிதர்களையே எதிர்க்கத் தொடங்கின. கூட்டத்தோடு வளர்ந்தவை அப்படி ஆகவில்லை. ஜெர்சி பசு சாது, ஆனால் ஜெர்சி காளைதான் ஆபத்தானது என்ற பெயருக்கு இந்த வளர்ப்பு முறையும் ஒரு காரணம் என்பேன்.

சரி, உங்கள் மாட்டுக்கு வருவோம். குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மடியைப் பாருங்கள். காம்பில் வெடிப்பு, மடி வீக்கம், வெளியே தெரியாத மடிநோய் எது இருந்தாலும் மாடு உதைக்கும். முதல் கன்று போட்ட தலையீத்து மாடு என்றால் மடியில் நீர் கோத்து வலிக்கும், அது அடங்க நாளாகும். அடுத்து, யார் கறக்கிறார்கள்? இந்த ஊரில் கறவைக்கு வரும் ஆள் அடிக்கடி மாறிவிடுகிறார். ஒவ்வொரு புதுக் கையும் மாட்டுக்குப் புதுப் பயம். பயந்தால் அட்ரினலின் சுரந்து, பாலை இறக்கும் ஆக்ஸிடோசினை வேலை செய்ய விடாது. பால் இறங்கவில்லை என்று அடித்தால் நாளைக்கு இன்னும் இறங்காது. அதற்காக ஆக்ஸிடோசின் ஊசி போட்டுப் பழக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஆள், ஒரே நேரம், கறக்கும்போது கொஞ்சம் தீவனம், இதைத் தொடர்ந்து செய்து பாருங்கள்.

கிடாரிக்கு ஐந்து மாதம் என்பது நல்ல வயது. தினமும் கொஞ்ச நேரம் கழுத்து, முதுகு, பின்னங்கால், அப்புறம் மெல்ல மடிப்பக்கம் தடவிப் பழக்குங்கள். தாய் மிரளும் நேரத்தில் கன்று பக்கத்தில் நின்று பார்க்காதபடி கட்டுங்கள். தாயைப் பார்த்தும் கன்று பயம் கற்கும்.

அடுத்த முறை சினை ஊசி போடும்போது விந்து அடைத்த குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணை எழுதி வையுங்கள். எங்கே உற்பத்தி செய்த விந்தாக இருந்தாலும் அந்த எண் இருக்கும். பக்கத்து வீட்டுக் கொட்டகைகளில் அதே காளையின் மகள்கள் இருந்தால் எப்படிக் கறக்கின்றன என்று விசாரியுங்கள். ஊசி போட வருபவரிடமும் கேளுங்கள். இதுவரை அவரிடம் எல்லோரும் பால் அளவை மட்டும்தான் கேட்டிருப்பார்கள். சந்துக்குள், குழந்தைகள் ஓடும் இடத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு லிட்டர் கூடுதல் பாலைவிடச் சாதுவான குணம் பெரிது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

கிடாரி கன்று போட்டபின், வலி இல்லை, ஆள் மாறவில்லை, மூன்று மாதம் பொறுமையாகக் கறந்தும் இன்னும் பாய்கிறது என்றால் அப்போது விற்பதில் எனக்கு மறுப்பில்லை. வாங்குபவரிடம் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். அந்த மாட்டின் அடியில் நாளைக்கு உட்காரப் போவது அவர் வீட்டு ஆள்.