வாசகர் கேள்விகள்: ஜப்பானியர் யார் வழி வந்தவர்கள்?

கேள்வி: ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றில் பேசியவர், ஜப்பானியர்கள் தமிழர் வழி வந்தவர்களே என்று அடித்துச் சொன்னார், கைத்தட்டலும் வாங்கினார். என்னோடு வேலை செய்யும் ஜப்பானிய நண்பரோ, தம் மக்கள் ஆதியிலிருந்தே கலப்பில்லாத ஓரினம் என்கிறார். எது சரி?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: இரண்டும் சரியல்ல. மேடையில் சொல்லப்பட்டதற்கு மூலம் ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ. இரு மொழிகளின் சொற்களை ஒப்பிட்டும், நம் பொங்கலுக்கும் ஜப்பானில் ஜனவரி 15ஐ ஒட்டிய பழைய சடங்குகளுக்கும் உள்ள ஒற்றுமைகளைக் காட்டியும், நெல்லும் இரும்பும் தென்னிந்தியாவிலிருந்து போன கூட்டத்தாரோடு அங்கே சென்றன என்று அவர் வாதிட்டார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. மேலும், மொழியை வைத்து முன்னோரைக் கண்டுபிடிக்க முயல்வதே ஆபத்தான வழி. மலாக்கா செட்டிகளை நம் வாசகர்கள் அறிவார்கள். வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழித்தோன்றல்களான அவர்கள் இன்றும் மாரியம்மனை வணங்குகிறார்கள். வீட்டில் பேசுவதோ மலாய். பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அவர்களை யாருடைய வம்சத்தில் சேர்த்திருப்போம்?

மண்ணுக்கடியில் கிடைத்ததைப் பார்ப்பதே மேல். 1877இல் அமெரிக்க விலங்கியல் அறிஞர் எட்வர்ட் மோர்ஸ், தோக்கியோவுக்கு அருகே ஓமோரி என்னுமிடத்தில் கிளிஞ்சல் மேடு ஒன்றைத் தோண்டியபோது, கயிற்றை அழுத்திக் கோலமிட்ட மண்பாண்டங்கள் கிடைத்தன. அவற்றைச் செய்தவர்களே ஜோமோன் மக்கள். வேட்டையும் மீன்பிடியும் காட்டுக் கொட்டைகளுமாக அவர்கள் அந்தத் தீவுகளில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தனர். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் கொரியத் தீபகற்பத்திலிருந்து கியூஷு தீவின் வடகரைக்கு நன்செய் நெல் சாகுபடி வந்தது. யாயோய் காலம் எனப்படும் அந்தக் காலத்தில் நெல்லோடு ஆட்களும் வந்து, அங்கிருந்தவர்களோடு கலந்தார்கள். இந்த இருகூட்டக் கலப்பை 1991இல் ஒரு கோட்பாடாக வகுத்தவர் மானிடவியலாளர் கசுரோ ஹனிஹாரா. 2021இல் வெளியான தொல்மரபணு ஆய்வு ஒன்று, பேரரசு உருவான கோஃபுன் காலத்தில் கிழக்காசியாவிலிருந்து மூன்றாவது கூட்டமும் வந்து சேர்ந்தது என்றது. ஜப்பானின் முதன்மைத் தீவுகளில் இன்று வாழும் பெரும்பான்மை ஜப்பானியரின் மரபில் ஜோமோன் பங்கு ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காடு. ஒக்கினாவா மக்களிடம் அது கூடுதல். மீதமுள்ளது பெரும்பாலும் கிழக்காசியப் பெருநிலத்திலிருந்து வந்தது.

ஜப்பானிய ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் காணப்படும் ஆண்வழி மரபுக்கு நெருங்கிய உறவுகள் திபெத்திலும் அந்தமானிலும் இருப்பது உண்மைதான். அந்தமான் என்றதும் நம்மவர்கள் எழுந்து உட்காருவார்கள். ஆனால் அந்தக் கிளைகள் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. தமிழ் என்றொரு மொழியே அப்போது இல்லை.

உங்கள் நண்பருக்கு அவருடைய நாட்டு ஏடுகளே பதில் சொல்லும். 815இல் அரசவை தொகுத்த 'ஷின்சென் ஷோஜிரோக்கு' என்னும் குலப்பட்டியலில் தலைநகரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழ்ந்த 1,182 குலங்கள் இடம்பெற்றுள்ளன; அவற்றில் 326 குலங்கள் சீனாவிலிருந்தோ கொரிய அரசுகளிலிருந்தோ வந்தவை என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2001இல் தம் பிறந்தநாளையொட்டிப் பேசிய அன்றைய பேரரசர் அக்கிஹித்தோ, எட்டாம் நூற்றாண்டில் அரியணை ஏறிய கன்மு பேரரசரின் தாயார், பழைய கொரிய அரசுகளில் ஒன்றான பெக்ஜேயின் மன்னர் முரியோங்கின் வழிவந்தவர் என்ற பழைய குறிப்பைச் சுட்டி, கொரியாவோடு தமக்கு உறவு தோன்றுவதாகச் சொன்னார்.

கேள்வி: ஹொக்கைடோ சுற்றுலாவில் ஐனு மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அவர்கள் வேறு இனமா?
– வாசகர், ஈசூன்

பதில்: ஜோமோன் மரபை மிக அதிகமாகத் தாங்கி நிற்பவர்கள் அவர்களே, வடக்கே ஒக்கோட்ஸ்க் கடலோர மக்களோடும் கலந்திருக்கிறார்கள். அவர்களுடைய மொழி ஜப்பானிய மொழியோடு உறவில்லாதது. நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த அவர்களைப் பழங்குடியினர் என்று ஜப்பானியச் சட்டம் ஏற்றது 2019இல்தான்.