டிம்ல போட்டாலும் டேஷ்போர்டுல நீல லைட் மினுக்குது, ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூருக்கு மீன் லோடு அடிக்கிறேன், 2005 மாடல் பிக்கப். ராத்திரி ரெண்டு மணிக்கு கிளம்புற வண்டி. இடது பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளா, எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி எரியுது. மூணு பல்பு மாத்திட்டேன், அப்படியேதான் இருக்கு. இன்னொண்ணு, டிம்லதான் போட்டிருப்பேன், ஆனா டேஷ்போர்டுல பிரைட்டுக்கு வர்ற நீல லைட் லேசா மினுக்குது. எலக்ட்ரீஷியன் வயரிங் கிட் மொத்தமா மாத்தணும்னு சொல்றார். மாத்திடவா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பொறுங்க, பணத்தை எடுக்காதீங்க. வியாதி என்னன்னு நீங்களே எழுதிட்டீங்க, அந்த நீல லைட்தான் அது. இடது பக்க பல்போட எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரி நெகட்டிவ்க்குத் திரும்புற வயர், போயிருச்சு, அனேகமா அவ்வளவுதான்.

எப்படின்னா, உங்க எச்4 பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்கு, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட், ரெண்டுக்கும் எர்த் பின் ஒண்ணேதான். அந்த எர்த் சரியா இருந்தா டிம் இழைக்குள்ள வந்த கரண்ட் நேரா பாடிக்கு இறங்கிடும். எர்த் அறுந்துட்டா அது சும்மா நிக்காது, வேற வழி தேடும், அதே பல்போட பிரைட் இழை வழியா தலைகீழா ஏறி, பிரைட் வயரைப் பிடிச்சு வலது பக்க பல்புக்குப் போய், அங்க இருக்கிற பிரைட் இழை வழியாவும் டேஷ்போர்டு நீல லைட் வழியாவும் எர்த்துக்கு இறங்கும். 12 வோல்ட்டை மூணு இழை பங்கு போட்டா எது பளிச்சுனு எரியும்? எதுவும் எரியாது, எல்லாம் மினுக்கும். இதுக்கு பல்பு மாத்தி என்ன பிரயோஜனம், நானும் ஒரு காலத்துல என் வண்டிக்கு ரெண்டு பல்பு வாங்கி மாட்டிட்டு கடைக்காரரைத் திட்டினவன்தான். (சில ஜப்பான் டிசைன் வண்டியில சுவிட்ச்சே எர்த் பக்கம்தான் இருக்கும், அங்க இந்தக் கணக்கு மாறும்.)

உங்க தொழில்ல எர்த் போகலைன்னாதான் ஆச்சரியம். ஐஸ் உருகின உப்புத் தண்ணி ஒழுகாத மீன் வண்டி ஏது, வீட்டுல நிறுத்தினாலும் கடல் காத்து. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி கையை விட்டு அந்த எர்த் வயர் பாடியில எங்க போல்ட் போட்டிருக்குன்னு தேடிப் பாருங்க. லக் (வயர் முனையில இருக்கிற உலோக வளையம்) மேல பச்சைக் களிம்பு பூத்திருக்கும், போல்ட்டைத் திருகினா துரு பொடிப் பொடியா கொட்டும், வயரை ரெண்டு இஞ்ச் உரிச்சுப் பார்த்தா உள்ள செம்பு செம்பா இருக்காது, அடுப்புல போட்ட மாதிரி கருத்துப் போயிருக்கும். கருத்த வரைக்கும் வெட்டி எறிஞ்சிட்டுத்தான் புது வயரைச் சேர்க்கணும், கருப்போட சேர்த்து முறுக்கி டேப் சுத்தினா ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல கட்டுங்க, ஹெட்லைட் டிம்ல எரியட்டும், மறு முனையால ஹோல்டர் பின்னாடி எர்த் பின்னைத் தொடுங்க. பல்பு சட்டுனு பளிச்சுனு ஆச்சுன்னா கேஸ் முடிஞ்சுது. ஆனா எர்த் பின் எதுன்னு தெரியாம தொட்டுடாதீங்க, லைவ் பின்னுல பட்டா ஷார்ட் ஆகி பியூஸ் போயிரும். கலரை நம்ப முடியாது, இருபது வருஷ வண்டியில எத்தனை கை பட்டிருக்கோ. கப்ளரைப் பல்புல இருந்து உருவிட்டு, டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி நெகட்டிவ்ல மாட்டிக்கோங்க. டிம் போட்டா ஒரு பின்னுல லேம்ப் எரியும், பிரைட் போட்டா இன்னொண்ணுல எரியும், எதுலயும் எரியாத மூணாவதுதான் எர்த்.

மீட்டர் வச்சிருக்கவங்க பண்ற தப்பு ஒண்ணு சொல்லிடறேன். ஹோல்டரைக் கழட்டி வச்சுட்டு அளந்தா 12 சொச்சம் அழகா காட்டும், வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் காட்டும், ஏன்னா அப்ப கரண்டே ஓடலை. பல்பு மாட்டி எரியும்போதுதான் அளக்கணும். ஒரு குச்சி பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு குச்சி எர்த் பின்னுல. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, ஒண்ணு ரெண்டுன்னு காட்டினா அத்தனையும் எர்த் தின்னுட்டிருக்கு. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து டிம் பின்னுக்கும் பாருங்க, அரை வோல்ட்டைத் தாண்டினா சுவிட்ச், கப்ளர், பியூஸ் கட்டை பக்கம் தேடணும். அரை வோல்ட் தானேன்னு நினைக்காதீங்க, ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்து பர்சன்ட் குறைஞ்சா வெளிச்சம் முப்பது பர்சன்ட் போயிரும்.

எர்த்னு உறுதியானா பெயின்ட் போற வரைக்கும் உப்புத்தாள் போட்டு இரும்பை வெள்ளையாக்கி, புது லக் அடிச்ச 2.5 ஸ்கொயர் எம்எம் வயரை இறுக்கி மேல கிரீஸ் தடவி விடுங்க. பேட்டரியில இருந்து பாடிக்கு வர்ற தடி எர்த்தையும் அப்படியே ஒரு தடவை கழட்டி மாட்டிடுங்க. இதுக்கு அரை நாள் ஆகாது. இதுக்கப்புறமும் சரியாகலைன்னா மட்டும் கிட் பத்தி பேசலாம்.

கேள்வி: அண்ணே, அப்பாவோட பழைய பிக்கப்புல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய் ஏத்துறேன். டிம்ல நல்லா எரியுது, பிரைட் தட்டினா பியூஸ் போயிருது. கடையில 30 ஆம்பியர் பியூஸ் போட்டுக்க சொல்றாங்க.
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: தம்பி, அதை மட்டும் பண்ணிடாத. பியூஸ் தாங்கினா அடுத்து எரியறது வயர், வண்டி நிறைய காய் இருக்கு பார்த்துக்க. முதல்ல பல்பைப் பாரு, யாராச்சும் 100/90 (பிரைட் 100 வாட், டிம் 90 வாட்) பல்பு மாட்டியிருக்காங்களா? ரெண்டு 60 வாட் பல்பு 10 ஆம்பியர்தான் இழுக்கும், ரெண்டு 100 வாட்டுக்கு 17 கிட்ட இழுக்கும், ஹோல்டரே உருகி மஞ்சளாயிருக்கும்.

பல்பு சரின்னா பிரைட் வயர் எங்கயோ பாடியில உரசுது. ரெண்டு ஹெட்லைட் கப்ளரையும் உருவிடு, போன பியூஸ் இடத்துல ஒரு பழைய ஹெட்லைட் பல்பை ரெண்டு வயர் வச்சு மாட்டு, பிரைட் போடு. ஹெட்லைட் கழட்டின பிறகும் அந்தப் பல்பு பளிச்சுனு எரிஞ்சா ஷார்ட் இருக்கு. எரியவிட்டே வயர்க் கட்டை அங்கங்க ஆட்டிக்கிட்டே வா, எங்க ஆட்டும்போது பல்பு அணையுதோ அங்கதான் கோளாறு. ரேடியேட்டர் பக்க தகட்டு ஓட்டையில ரப்பர் விழுந்துபோன இடம், பேட்டரி தட்டுக்கு அடியில, ஸ்டீயரிங் கீழ, இந்த மூணையும் முதல்ல பாரு. இந்த வித்தையில எத்தனை பியூஸ் மிச்சமாகும்னு பார்ப்ப.

அது முடிஞ்சதும் டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே (சுவிட்ச் தட்டினா பேட்டரி கரண்டை நேரா பல்புக்குத் திறந்து விடுற சின்னப் பெட்டி) போட்டுக்க. அதோட பின்கள்ல நம்பர் போட்டிருக்கும். பல்புக்குப் போன பழைய வயர் 86ல, எர்த் 85ல, பேட்டரியில இருந்து தனி பியூஸ் வழியா 30க்கு, 87ல இருந்து பல்புக்கு. பியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். அப்புறம் பல்போட பாரம் சுவிட்ச் தலையில விழாது.

கேள்வி: இந்த வயரிங் தொல்லையே வேண்டாம்னு எல்இடி பல்பு மாட்டிடலாமா?
- வாசகர், கடலூர்

பதில்: எர்த் போன வண்டியில எல்இடியும் மினுக்கும். அதோட உங்க ரிஃப்ளெக்டர் இழை இருக்கிற இடத்தைக் கணக்கு பண்ணி செஞ்சது, எல்இடி சிப் அந்த இடத்துல சரியா உட்காரலைன்னா வெளிச்சம் ரோட்டுல விழாம எதிர்ல வர்றவர் முகத்துல அடிக்கும். ஏற்கனவே மாட்டிட்டீங்கன்னா ராத்திரி சுவத்துக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்க, வெளிச்சத்துக்கு மேல் கோடு கத்தரிச்ச மாதிரி இல்லாம சிதறிக் கிடந்தா கழட்டிட்டு ஹாலஜனையே மாட்டுங்க, மாட்டும்போது பல்பு கண்ணாடியில விரல் படாம.