பட்டியலைப் பின்னாலிருந்து படிப்பவர்களுக்கு

கேள்வி: ஆய்வுக்கும் கலைக்கும் அமெரிக்காவில் வழங்கப்படும் குகன்ஹைம் நல்கையைத் (ஃபெலோஷிப்) தொடக்க ஆண்டுகளில் பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்தேன். வேதியியல், இசை, நாட்டியம், கவிதை என்று எந்தத் துறையை எடுத்தாலும் மாமேதைகளாகவே இருக்கிறார்கள். மேதைகளுக்கே கொடுத்தால் பலன் வராமலா போகும்? நம் நாட்டிலும் மதிப்பெண்ணையும் நிரூபித்த சாதனையையும் மட்டும் பார்த்து ஆய்வு நல்கை வழங்கினால் நல்கைப் பணம் வீணாகிறது என்ற புலம்பலெல்லாம் தீர்ந்துவிடாதா?

பதில்: நீங்கள் பட்டியலை 2020களில் நின்றுகொண்டு படிக்கிறீர்கள், தேர்வுக்குழு அதை 1925இல் எழுதத் தொடங்கியது. இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட், வேதியியலாளர் லைனஸ் பாலிங், நாட்டியக் கலைஞர் மார்த்தா கிரஹாம் என்ற பெயர்களைக் கண்டதும் உங்களுக்குத் தோன்றும் மரியாதையில் பெரும்பகுதி, அவர்கள் நல்கை பெற்ற பிறகு செய்த வேலையால் விளைந்தது.

சுரங்கத்திலும் உலோக உருக்காலைகளிலும் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, கல்லூரிக்குப் போகவிருந்த வயதில் 1922இல் இறந்துபோன மகன் ஜானின் நினைவாக, சைமன் குகன்ஹைமும் அவர் மனைவி ஓல்காவும் இந்த அறக்கட்டளையை நிறுவினார்கள். 1925இல் முதல் முறையாகத் தேர்வானவர்கள் 15 பேர். இன்று இசை, வரலாறு, அறிவியல் எதிலும் தனிப் பயிற்சி இல்லாத ஒரு வாசகர் அவர்களில் கோப்லண்டைத் தவிர வேறு யாரையாவது அறிந்திருப்பாரா என்பது சந்தேகமே. அந்தக் கோப்லண்டுக்கு அப்போது வயது 24. அதே ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது, அதை நடத்திய வால்டர் டாம்ராஷே அவையோரை நோக்கித் திரும்பி, இந்த வயதில் இப்படி எழுதுகிறவர் ஐந்தாண்டுகளில் கொலை செய்யவும் தயாராகிவிடுவார் என்று கேலி செய்தார். நீங்கள் சொல்லும் ‘நிரூபித்த சாதனை’ அன்று இந்த அளவில்தான் இருந்தது.

1926இல் தேர்வான பாலிங், அதற்கு முந்தைய ஆண்டுதான் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். அவர் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் இயற்பியலாளர் ஸோமர்ஃபெல்டிடம் போய்ச் சேர்ந்த நேரத்தில், அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் இயக்கவியல் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தப் புதிய கணிதத்தை வேதிப்பிணைப்பின் மீது செலுத்திப் பார்க்கலாம் என்று எண்ணிய 25 வயது இளைஞருக்கு, அது உருவாகிக்கொண்டிருந்த இடத்திலேயே இருந்து கற்கும் அவகாசத்தை அந்த நல்கை வாங்கித் தந்தது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1954இல்.

உங்கள் வாதத்துக்கு ஒத்துவருபவரும் ஒருவர் உண்டு. இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் நல்கை பெறும்போது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு முடிந்திருந்தது. மறு ஆண்டே, 1927இல், நோபல் பரிசும் வந்தது. (அந்த நல்கைக் காலத்தில் அவர் வந்து பணியாற்றிய இடம் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் என்பது நம்மவர்கள் அதிகம் பேசாத செய்தி.) ஆனால் ஒரு காம்ப்டனை வைத்துப் பட்டியல் முழுவதையும் அளக்க முடியாது.

‘பலன் வராமலா போகும்’ என்கிறீர்கள். போனதுண்டு. ஸ்பானியர்கள் மெக்சிகோவைக் கைப்பற்றிய வரலாற்றைக் காவியமாக்கப் போவதாகச் சொல்லி 1931இல் நல்கை பெற்ற கவிஞர் ஹார்ட் கிரேன், அந்தக் காவியத்தை எழுதி முடிக்காமலே, மறு ஆண்டு நாடு திரும்பும் வழியில் கப்பலிலிருந்து கடலில் குதித்து மாண்டார். 1933இல் ஜெர்மனிக்குப் போன மரபியலாளர் பார்பரா மக்ளின்டாக், நாஜிகளின் எழுச்சியைக் கண்டு மனம் நொந்து காலத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். கணக்குப் பார்க்கும் தணிக்கையாளரின் கண்ணுக்கு அது வீண்செலவு. 1936இல் தேர்வாகிக் கரீபியத் தீவுகளின் சடங்குகளை ஆராயப் போன எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன், ஹைதியில் இருந்தபோது ஏழே வாரங்களில் ஒரு நாவலை எழுதினார். ஆய்வுக்குக் கொடுத்த பணத்தில் கதை எழுதினாரே என்று நம்முடைய அலுவலகங்களில் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கும். இன்று அவருடைய பெயரை நிலைநிறுத்தியிருப்பது அந்த நாவல்தான்.

பல துறைகளை ஒரே பட்டியலில் வைத்ததற்கும் பின்னாளில் ஒரு விளைவு கிடைத்தது என்றாலும், அதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். 1932இல் நாட்டியத்துக்காகத் தேர்வான மார்த்தா கிரஹாமுக்கு 1944இல் இசையமைத்துக் கொடுத்தவர் கோப்லண்ட். மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது அந்த இசை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுங்கள் என்பது நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழி அன்று. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியபோது அவருடைய உதவித்தொகை நின்றது அந்த விதிப்படிதான். பிறகு சென்னையில் படித்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாமல், துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாதவருக்கு விதி இடம் தராது என்ற தடையைக் கடந்து, ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்ற வாதத்தை ஏற்று, மாதம் 75 ரூபாயை இரண்டாண்டுகளுக்கு அவருக்கு ஒதுக்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டு, 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.