சீலாவும் சீலாவும் ஒன்றா?

அன்புள்ள ஐயா,

கல்லூரித் திட்டப்பணிக்காகக் காசிமேடு, தூத்துக்குடி மீன் விலைப் பட்டியல்களை ஒன்றாக இணைத்தேன். ஒரே பெயருள்ள வரிகளைக் கணினியே சேர்த்துவிட்டது. ஆனால் சீலாவின் விலை மட்டும் இரண்டு ஊர்களிலும் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. எல்லாரும் ஒரே பெயர்ப்பட்டியலைப் பின்பற்றினால் இந்தத் தொல்லை இராதே? ஆன்டாலஜி, மேப்பிங் என்றெல்லாம் ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

எண்ணூரிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

என் மாமியார் தூத்துக்குடிக்காரர். முதன்முறை காசிமேட்டுக்கு வந்தபோது சீலா கேட்டார். மீன்கார அம்மா நீண்ட தாடையும் கூரிய பற்களுமாக ஒரு பாரகுடாவைத் தூக்கி அரிவாள்மனைப் பக்கம் போட்டார். "இதுவா சீலா?" என்று அவரும், "வேறெது சீலா?" என்று இவரும் கேட்டுக்கொண்டார்கள். மாமியார் கேட்டது நாம் வஞ்சிரம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் மீனை. உங்கள் கணினிக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் பரிந்துரைத்த, தரவுகளை விவரிக்கும் ஆர்டிஎஃப் முறையில், ஒரு பொருளை அடையாளம் காட்டுவது அதன் பெயர் அன்று, அதற்கென்று தரப்படும் இணைய முகவரி. 'சீலா' என்பது அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. ஆகவே இரண்டு சீலாக்களுக்கும் இரண்டு முகவரிகள் தர வேண்டும். ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்று கணினிக்குப் புரியும்படி வகுத்து எழுதுவது ஆன்டாலஜி; ஒரு பட்டியலின் முகவரிக்கும் மற்றொரு பட்டியலின் முகவரிக்கும் என்ன உறவு என்று தனியே எழுதுவதுதான் மேப்பிங்.

அந்த உறவை எவ்வளவு அழுத்தமாகச் சொல்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆன்டாலஜி எழுதுவதற்காக 2004இல் வந்த ஆவுல் மொழியின் 'சேம்ஆஸ்' (இரண்டும் ஒன்றே) என்ற தொடர்பு, ஒன்றைப் பற்றி உண்மையான அனைத்தும் மற்றதைப் பற்றியும் உண்மை என்று சாதிக்கிறது. நம் கடைகளில் வஞ்சிரம் என்ற பெயரில் விற்பவற்றில் ஸ்கோம்பெரோமோரஸ் காமர்சன் என்ற இனமும் உண்டு, புள்ளி போட்ட ஸ்கோம்பெரோமோரஸ் கட்டேடஸ் என்ற இனமும் உண்டு. வஞ்சிரத்தை இரண்டோடும் சேம்ஆஸ் என்று எழுதினால், அந்த இரண்டு இனங்களும் ஒரே மீன் என்ற முடிவுக்குக் கணினி தயங்காமல் போய்விடும். சொற்களஞ்சியங்களைக் கணினிக்காக எழுத 2009இல் வந்த ஸ்கோஸ் முறையில் இதற்கு மென்மையான சொற்கள் உண்டு: துல்லியமாகப் பொருந்துவது, நெருங்கிப் பொருந்துவது, விரிந்தது, குறுகியது. நெருங்கிப் பொருந்துவது என்ற உறவு சங்கிலித்தொடராக நீளாதபடி வேண்டுமென்றே வகுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். வஞ்சிரம் விரிந்தது, இனங்கள் அதற்குள் அடங்கியவை என்று எழுதுவதே சரி.

ஒரே பட்டியல் போதாதா என்கிறீர்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1980களிலிருந்து அக்ரோவோக் என்ற பன்மொழிச் சொற்களஞ்சியத்தை வளர்த்து வருகிறது. அதற்காக ஏலக்காரர் தம் பெயர்களை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அவர் விலை பார்த்துப் பிரிக்கிறார், உயிரியலாளர் துடுப்பையும் செவுளையும் பார்த்துப் பிரிக்கிறார், இரண்டும் அவரவர் வேலைக்குச் சரியானவை.

மீன் மட்டுமில்லை, உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; ஆனால் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018இல், அதுவரை திருவள்ளூர் மாவட்டம். 2011 கணக்கெடுப்பின் சென்னை மாவட்ட மக்கள்தொகையான 46,46,732இல் நீங்கள் இல்லை. 'சென்னை' என்ற சொல்லை மட்டும் நம்பி அந்த எண்ணை இன்றைய மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரால் வகுத்து அடர்த்தி கணக்கிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்களை ஒப்பிடும் கணினி நிரல்களை விட்டுவிடச் சொல்லவில்லை. 'இவை பொருந்தலாம்' என்று அவை காட்டட்டும், ஒப்புதல் உங்களுடையதாக இருக்கட்டும். பட்டியலில் அறிவியல் பெயருக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, தூத்துக்குடிப் பட்டியலைத் தந்தவரிடம் சீலாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வரும்வரை அந்த வரி இணையாமலே கிடக்கட்டும்.