ஆற்றைத் தாண்டும் வண்டி தார்ச்சாலையைத் தாண்டுமா?

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வேலூர் மாவட்டம் கணியம்பாடி அருகே குடியிருக்கிறேன். அமிர்தி போகும் வழியில் ஆறு ஏக்கரில் மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் இருக்கின்றன. வீட்டுக்கும் நிலத்துக்கும் ஐந்து கிலோமீட்டர். அதில் மூன்று தார்ச்சாலை, மீதி வண்டிப்பாதை, நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் பைக் சேற்றில் சிக்கிக்கொள்கிறது. லடாக்கில் பணியில் இருந்தபோது ஏடிவி (பைக் மாதிரி கைப்பிடியும் நான்கு தடித்த சக்கரமும் கொண்டு, கரடுமுரடான தரையில் ஓடும் வண்டி) ஓட்டிய பழக்கம் உண்டு. ஏலகிரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடிய ஒரு ஏடிவியை இரண்டே கால் லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அதை வாங்கலாமா, புதிதாகவே எடுத்துவிடலாமா? விடுமுறைக்கு வரும் 12 வயதுப் பேரனும் ஓட்ட ஆசைப்படுகிறான்.

பதில்: ஐயா, ஓடையைப் பற்றியும் சேற்றைப் பற்றியும் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை அந்த மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலைதான். ஏடிவி ஓடையைச் சிரமமில்லாமல் கடந்துவிடும். அந்தச் சாலையில் ஏறுவதற்குத்தான் அதற்கு உரிமை இல்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத எந்த வண்டியையும் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. தொழிற்சாலைக்குள்ளோ, அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும்படி அமைந்த வண்டியை அந்தச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஏலகிரியில் நம்பர் பிளேட் இல்லாமல் அவை சுற்றுவதெல்லாம் வேலிக்குள் இருக்கும் வரைக்கும்தான். வேலியைத் தாண்டி உங்கள் ஊர்ச் சாலைக்கு வந்துவிட்டால் பதிவு இல்லாத வண்டி. மூன்றாம் நபர் காப்பீடும் கிடைக்காது. போலீஸ் அபராதம் போடுவது சின்ன விஷயம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை குறுக்கே ஓடி வந்து ஏதாவது ஆகிவிட்டால், இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில். ஆறு ஏக்கரும் போய்விடும்.

"நம்பர் வாங்கிக் கொடுத்துவிடலாம் சார், ஆள் இருக்கிறார்" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். சாலைக்கு உரியது என்று அங்கீகாரம் பெறாத மாடலை எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பதிவு செய்ய முடியாது. வேறு ஏதோ வண்டியின் எண்ணைத் தட்டி ஒட்டிக் கொடுத்தால், அது மோசடி வழக்காகப் போய் முடியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை 2020இல் இங்கே டிராக்டர் என்ற வகையில் கொண்டுவந்தது. பதிவு எண்ணுடன் சாலையில் ஓட்டலாம். 567 சிசி பெட்ரோல் என்ஜின், நான்கு சக்கர இழுவை (4x4), அறிமுக விலை ஏறக்குறைய எட்டு லட்சம். ஏடிவிதான் வேண்டும், சாலையிலும் போக வேண்டும் என்றால் இந்த வகையைத்தான் தேட வேண்டும். பழையது கிடைத்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகை டிராக்டர் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே பெயரில் பதிவு இல்லாத வண்டிகளும் சுற்றுகின்றன. பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

இனி உங்கள் வேலையைப் பார்ப்போம். பெரிய ஏடிவியிலேயே பின் தட்டில் 80 கிலோ, முன் தட்டில் 40 கிலோ அளவுக்குத்தான் ஏற்றலாம். மாங்காய்க் கூடை 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு நாலு கூடை. ஆறு ஏக்கர் காய்ப்பை இப்படி இறக்க ஆரம்பித்தால் ஆனி முடிந்து ஆடி வந்துவிடும். உரம், மருந்துத் தெளிப்பான், உள்ளே உழவு எல்லாவற்றையும் கூட்டினால், உங்களுக்குத் தேவையானது 24 குதிரைத்திறன் உள்ள நான்கு சக்கர இழுவை மினி டிராக்டர் என்றே என் புத்திக்குப் படுகிறது. மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 இரண்டும் மா வரிசைக்கு நடுவே நுழையும் அகலம். பதிவு உண்டு, காப்பீடு உண்டு, பின்னால் டிரெய்லரும் மாட்டலாம். மழை நாளில் சேற்றுப் பாதையும் ஓடையும் பெரிய தடையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று உழவன் செயலியில் விண்ணப்பித்துப் பாருங்கள். லடாக்கில் ஏடிவி ஓட்டியவருக்கு டிராக்டர் சீட்டில் உட்கார மனம் வராது என்று தெரியும். தோப்பு உங்கள் ஆசையைப் பார்த்துக் காய்ப்பதில்லையே.

சுமை அவ்வளவாக இல்லை, நானும் வீட்டுக்காரியும் தோப்புக்குப் போய் வந்தால் போதும் என்றால், பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் ஒன்றைப் பாருங்கள். ராணுவத்தில் ஓடும் மாருதி ஜிப்சி உங்களுக்குப் புதிதில்லை. 2020க்கு முந்தைய மஹிந்திரா 'தார்' ஜீப்பும் நல்ல தேர்வுதான். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சித்தூர் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஆந்திர எண் வண்டிகள் மலிவாக வரும், அதைவிட்டால் கர்நாடக எண். அந்த மாநிலத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவும் சாலை வரியும் கட்டிய பிறகுதான் உண்மையான விலை தெரியும். 15 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது பெரிய ரோட்டில் வேகம் காட்டி ஏமாற்றுவார்கள். மணல் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் நான்கு சக்கர இழுவையில், அதுவும் தாழ்ந்த கியரில் போட்டு ஓட்டுங்கள். அதற்குப் பாலாற்றைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்பவர்கள் இதை யோசித்ததில்லை. ஆனால் 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு மழை நாளில் அங்கே வண்டியை இறக்கும் துணிச்சல் எனக்கில்லை. நீங்களும் வெயில் நாளில் போங்கள்.

நிலத்துக்குள்ளேயே கொட்டகை போட்டு வண்டியை அங்கேயே விட்டு வைப்பேன், சாலைக்குக் கொண்டுவரவே மாட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியென்றால் ஏலகிரி வண்டியைப் பார்க்கலாம். பல் பிடித்துப் பார்க்காமல் பொய்கைச் சந்தையில் மாடு வாங்குவீர்களா? இதுவும் அப்படித்தான். அதிலும் வாடகைக்கு ஓடிய வண்டி நூறு கை பட்டது. முன்பின் ஓட்டியிராதவர்கள் கட்டை விரலால் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திவிட்டு, அடுத்த நொடி பிரேக் பிடிக்கும் வண்டி.

நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்காக ஒரு பழைய ஏடிவி பார்க்கப் போனேன். போய் நின்றபோது என்ஜின் சூடாக இருந்தது. "இப்போதுதான் ஒரு சுற்று ஓட்டினேன் சார், வண்டி தயாராக இருக்கட்டும் என்று" என்றார் விற்றவர். அக்கறை என்று நினைத்துவிட்டேன். சூடாக இருக்கும் என்ஜின் ஒரே அழுத்தில் கிளம்பும். குளிர்ந்தால்தான் உள்ளே தேய்ந்திருப்பது தெரியும். மறுநாள் காலை அரை மணி நேரம் ஸ்டார்ட்டரை அழுத்தியும் அது எழுந்திருக்கவில்லை. வால்வும் பிஸ்டன் வளையமும் மாற்ற 38,000 ரூபாய் ஆனது. அதில் பாதியை நான் கொடுத்தேன், வெட்கத்தில். அன்றிலிருந்து வண்டிக்குப் பக்கத்தில் போனதும் முதலில் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு தெரிந்தால் பேச்சுக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுவேன்.

அடுத்தது காற்று வடிகட்டிப் பெட்டி. சீட்டைக் கழற்றினால் மூடி தெரியும். அதைத் திறந்து பெட்டியின் அடியில் விரலை விட்டுத் தேயுங்கள். உலர்ந்த தூசி ஒட்டினால் பரவாயில்லை. குழைத்த மருதாணி மாதிரி செம்மண் ஈரமாகவோ, காய்ந்து ஏடாகவோ ஒட்டியிருந்தால் வண்டி ஒரு முறையாவது மூக்கு மட்டம் தண்ணீரில் முங்கியிருக்கிறது. உடனே ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது வழக்கம்தான். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. பின் அச்சின் கியர் பெட்டி ஆயிலையும் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை, உங்களை ஏமாற்றுபவரும் அங்கே மாற்றி வைத்திருக்க மாட்டார்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பைக் மாதிரி அடிக்கடி கியர் மாற்றும் வேலை இல்லை. ஒரு ரப்பர் பெல்ட்தான் இழுவையைக் கடத்துகிறது. சுமையோடு மேடேறும்போது தாழ்ந்த கியர் போடாமல் ஓட்டினால் பெல்ட் வழுக்கிக் கருகும். பக்க மூடியைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், டயர் எரிந்த வாடை வரும். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, ஓரிடத்தில் மட்டும் குறுகியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். அந்த மாடலுக்கு பெல்ட் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று விலை பேசும் முன் கேளுங்கள். பெயர் தெரியாத 110, 125 சிசி வண்டிகளை நான் வேண்டாம் என்பது இதற்காகத்தான். காய்ப்பு நேரத்தில் பெல்ட்டுக்காக இரண்டு மாதம் கொட்டகையில் கிடக்கும்.

மீட்டரில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். பல வண்டிகளில் ஓடிய மணி நேரமும் காட்டும். 4,200 கிலோமீட்டர், 350 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 12 கிலோமீட்டர்; நம்பக்கூடிய கணக்கு. 600 கிலோமீட்டர், 400 மணி நேரம் என்றால் அந்த வண்டியை யாரோ நடக்கவிட்டு ஓட்டியிருக்க வேண்டும், அல்லது மீட்டர் மாறியிருக்கிறது.

முன் சக்கரத்தைத் தூக்கி இரு கையாலும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று கேட்டால் பந்து மூட்டு (பால் ஜாயின்ட்) போய்விட்டது. அச்சின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் செலவு இருக்கிறது. வேலூர் வெயிலில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுற்ற வேண்டும். அதன் தகடுகளுக்கு நடுவே சேறு இறுகியிருந்தால் சித்திரையில் கொதித்துவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்கில் உள்ள பெட்ரோலையும் வடித்துவிடச் சொல்லுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

வண்டி வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சுங்கத்துறை ரசீதையும், எதுவாக இருந்தாலும் முதல் விற்பனை ரசீதையும் கேளுங்கள். ரசீதில் உள்ள சேசிஸ் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பேரனுக்கு ஒரே பதில்: கூடாது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களுக்கான ஏடிவியில் ஏற்ற வேண்டாம் என்கிறது. 300 கிலோ வண்டி வரப்பில் ஒரு பக்கம் சாய்ந்தால் அவனால் உடம்பைத் திருப்பித் தாங்க முடியாது. பெரும்பாலானவை ஓட்டுபவர் ஒருவருக்கான வண்டிகள் என்பதால் உங்கள் பின்னாலும் உட்கார வைக்காதீர்கள். நீங்களும் ஹெல்மெட் இல்லாமல் ஏற வேண்டாம். அமிர்தி பக்கம் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்கினால் வனத்துறை வண்டியையே எடுத்துக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏலகிரிக்குப் போவதாக இருந்தால், முதல் நாளே சொல்லிவிட்டுக் காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். "வண்டியை யாரும் தொட வேண்டாம், நானே கிளப்பிப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன முகம் காட்டுகிறார் என்று பார்த்துவிட்டு, பிறகு விலை பேசலாம்.